பல்லில் பூச்சியும் பாலில் சர்க்கரையும்

கல்யாணமாகி நான் கொல்கத்தாவுக்கு வந்த புதிது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் தன் பெண்ணின் வீங்கிய கன்னத்தைக் காட்டி, "தாந்தே போகா" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கணவர் அலுவலகத்திலிருந்து வந்த பிறகு விளக்கம் கிடைத்தது. தாந்த் என்றால் பல், போகா என்றால் பூச்சி. அட, நம் ஊரிலும் சொத்தைப் பல்லைப் 'பூச்சிப் பல்' என்றுதானே சொல்கிறோம்! ஆயிரம் மைல் இடைவெளியில் இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே பூச்சியைப் பிடித்து வைத்திருக்கின்றன.

கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடிக்கச் சொல்லி, "இதோ பார், விழுந்துவிட்டது" என்று புழுவைக் காட்டும் வைத்தியரை என் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு புழு எந்தப் பல்லிலும் குடியிருப்பதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் பல்லை அரிக்கிறது என்ற அளவில் நம் முன்னோர் சொன்னது அவ்வளவு தவறும் இல்லை. அந்த உயிருக்குச் சாப்பாடு போடுகிறவர் யார் என்பதுதான் விஷயம். எங்கள் வீட்டில் அது நானேதான். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். பேரன் பகலெல்லாம் என் பொறுப்பு. மூன்றரை வயது வரை பால் புட்டியை விடவில்லை. மதியம் தூங்க ஒரு புட்டி, இரவு தூங்க ஒரு புட்டி. சர்க்கரை இல்லாமல் குடிக்க மாட்டான் என்று ஒரு ஸ்பூன் போடுவேன். ஒரு ஸ்பூன்தானே! அவனுடைய மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி முதலில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. பிறகு அது பழுப்பானது. இரும்புச் சத்து டானிக்கின் கறை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் நடு இரவில் வாயைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். விடியும்வரை நாங்கள் நான்கு பேரும் தூங்கவில்லை.

எங்கள் பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் இளைஞர். குழந்தையின் வாயை அரை நிமிடம் பார்த்தார். பிறகு என் மருமகளிடம் கேட்காமல் நேராக என்னைப் பார்த்து, "மாஷிமா, இவன் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்குகிறானா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்குள் நடப்பது இவருக்கு எப்படித் தெரியும்?

அதைப் பற்கள்தான் சொல்லியிருக்கின்றன. மேலே முன்பற்கள் நான்கும் கெட்டிருந்தன. கீழே முன்பற்கள் முத்துப்போல் இருந்தன. புட்டியைச் சப்பும்போது நாக்கு முன்னால் நீண்டு கீழ்ப் பற்களை மூடிக்கொள்கிறது. நாக்கின் அடியில் ஊறும் உமிழ்நீரும் அவற்றைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. மேல் பற்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இனிப்புப் பால் அவற்றின்மேல் குளம்போல் தேங்கி நிற்கும். எங்கே சொத்தை, எங்கே இல்லை என்பதை வைத்தே புட்டிதான் காரணம் என்று டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு பற்களை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றவற்றை அடைத்தார்கள். விளையாட்டுப் பள்ளியில் மற்ற குழந்தைகள் அவனைப் 'பூடோ தாதூ', அதாவது கிழத் தாத்தா, என்று கூப்பிட்டார்களாம். அதை அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இனி வகுப்பறைக்கு வருவோம். பல்லின் வெளிப்பூச்சான எனாமல், நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்பு. பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும். எலும்பைவிடக் கெட்டி. ஆனால் அமிலம் என்றால் அதற்கு ஆகாது. வீட்டிலேயே இதைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். ஒரு டம்ளர் வினிகரில் முட்டை ஓட்டைப் போட்டு ஒரு நாள் விட்டால் ஓடு கரைந்து மெல்லிய தோல் மட்டும் மிஞ்சும். முட்டை புழங்காத வீட்டார் பூரிக்குப் போனபோது பொறுக்கிய சிப்பி ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். குமிழ் குமிழாகக் கரையும். பல்லில் இருப்பது வேறு கால்சிய உப்பு. ஆனாலும் அமிலத்திடம் அதன் கதியும் இதுதான், கொஞ்சம் மெதுவாக.

வாய்க்குள் அமிலம் எங்கிருந்து வருகிறது? பெர்லினில் வேலை பார்த்த மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1890இல் இதற்கு விடை எழுதினார். பிடுங்கிய பற்களை உமிழ்நீரில் போட்டு, ஒன்றில் ரொட்டியும் இன்னொன்றில் இறைச்சியும் சேர்த்து வைத்தார். ரொட்டியோடு இருந்த பல் கரைந்தது. இறைச்சியோடு இருந்தது கரையவில்லை. வாயில் இருக்கும் கிருமிகள் மாவுப் பொருளையும் சர்க்கரையையும் தின்று அமிலமாக மாற்றுகின்றன என்றார். 1924இல் லண்டனில் கிளார்க் என்பவர், சொத்தைப் பற்களிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயர் வைத்தார். இது தவிர இன்னும் பல கிருமிகளுக்கும் இதில் பங்கு உண்டு என்று இன்று தெரியும். ஆனாலும் மியூட்டன்ஸுக்கு ஒரு தனித் திறமை. நாம் காப்பியில் போடும் அதே சர்க்கரையிலிருந்து பசைபோன்ற ஒரு பொருளைத் தயாரித்து, அதைக் கொண்டு பல்லில் ஒட்டிக்கொள்கிறது. காலையில் நாக்கால் தடவினால் பல்லின்மேல் வழவழப்பாக ஒரு படலம் தெரிகிறதே, அதுதான் இந்தக் கிருமிகளின் குடியிருப்பு. வெறும் வாய் கொப்பளித்தால் அது போகாது. தேய்த்தால்தான் போகும்.

இதற்குப் பிறகு வருவதுதான் என் மண்டையில் அடித்தாற்போல் இருந்த விஷயம். 1940களில் அமெரிக்காவில் ஸ்டீஃபன் என்ற ஆராய்ச்சியாளர், சர்க்கரைக் கரைசலால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, பல்லின் மேல் படலத்தில் அமிலத்தன்மை எப்படி மாறுகிறது என்று அளந்தார். அமிலத்தை அளக்கும் பி.எச். என்ற அளவு உங்களுக்குப் பள்ளிப் பாடத்திலிருந்து நினைவிருக்கலாம். 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம். சர்க்கரை பட்ட சில நிமிடங்களுக்குள் பி.எச். சரசரவென்று இறங்குகிறது. சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்ல அந்த அமிலத்தை முறிக்கிறது. பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகிறது. உமிழ்நீர் அதோடு நிற்பதில்லை. தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொண்டு, கரைந்த இடத்தைக் கொஞ்சம் பூசியும் விடுகிறது. வீட்டுச் சுவரில் விழுந்த கீறலுக்கு அன்றன்றே பூச்சு வேலை செய்யும் கொத்தனார் மாதிரி.

ஆனால் கொத்தனாருக்கு வேலை செய்ய நேரம் வேண்டும் அல்லவா? அங்கேதான் கணக்கு இருக்கிறது. ஒரே சமயத்தில் நாலு லட்டு தின்றாலும் அமில நேரம் ஏறக்குறைய ஒரு தடவைதான். ஒரே லட்டைப் பிட்டுப் பிட்டு எட்டுத் தடவை தின்றால், எட்டு அரைமணி. நாலு மணி நேரம் பல் அமிலத்தில் நனைகிறது. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுகிறது. என் பேரன் வாயில் இரவெல்லாம் கொத்தனாரே இல்லை. நான் ஸ்பூனை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ண வேண்டியது தடவையை.

இதை மனிதர்களிடம் நேரடியாகச் சோதித்துப் பார்த்த வரலாறும் உண்டு. கேட்கச் சங்கடமான வரலாறு. ஸ்வீடனில் லூண்ட் நகரத்தில் விபெஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் மருத்துவமனை. 1945இல் தொடங்கிப் பல ஆண்டுகள், அங்கிருந்தவர்களைப் பிரித்து, சிலருக்கு உணவோடு சேர்த்துச் சர்க்கரையும், சிலருக்கு உணவுக்கு நடுவே சாக்லேட்டும், சிலருக்குப் பல்லில் ஒட்டும் டாஃபியும் கொடுத்தார்கள். உணவோடு சர்க்கரை உண்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. உணவுக்கு நடுவே ஒட்டும் டாஃபியை அடிக்கடி தின்றவர்களின் பற்கள் வேகமாக அழிந்தன. முடிவுகள் 1954இல் வெளியாயின. சம்மதம் சொல்லவோ மறுக்கவோ தெரியாதவர்களின் பற்களைப் பணயம் வைத்துப் பெற்ற அறிவு இது. இன்று எந்த நாட்டிலும் இதற்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அதன் பிறகு ஸ்வீடனில் குழந்தைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும் என்ற பழக்கம் பரவி இன்றுவரை இருக்கிறது.

அளவே முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். பல்லையும் உடல் பருமனையும் மனத்தில் வைத்து உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு வரம்பு சொல்லியிருக்கிறது. நாம் சேர்க்கும் சர்க்கரை, வெல்லம், தேன், பழச்சாற்றின் சர்க்கரை எல்லாம் சேர்ந்து, அன்றாடம் உண்ணும் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு இது சுமார் 50 கிராம். அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. இப்போது நம் வீட்டுக் காப்பியைப் பாருங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு ஐந்து கிராம், நாளைக்கு ஐந்து டம்ளர். ஐம்பது கிராம் அங்கேயே தீர்ந்தது! அலுவலகம் போகிறவர்களுக்கு அதன்மேல் தெருமுனை மண்குவளைச் சாயா வேறு. குவளை சின்னதுதான். ஆனால் தடவைகள் அதிகம், கூடவே ஒரு பிஸ்கட்டும் வரும்.

வங்காளத்தில் இருந்துகொண்டு இனிப்பைத் தொடாதே என்று நான் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. நானே கேட்க மாட்டேன். மார்கழிக் குளிரில் புது ஈச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷை வேண்டாம் என்று சொல்லும் வைராக்கியம் எனக்கில்லை. நல்ல வேளையாக, மேலே சொன்ன கணக்குப்படி அதற்கு அவசியமும் இல்லை. மதியச் சாப்பாட்டோடு ஒரு ரசகுல்லாவோ மிஷ்டி தோயோ சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்து வாயைக் கொப்பளித்தால் பல்லுக்கு அதிகப் பாதகம் இல்லை. சாப்பிடும்போது உமிழ்நீர் நிறையச் சுரக்கும். இலையில் பாயசம் பரிமாறுவது பல்லுக்கு உகந்த ஏற்பாடு என்றே சொல்லலாம். அதே பாயசத்தைப் பாத்திரத்தில் வைத்து, போகும்போதும் வரும்போதும் ஒரு கரண்டி என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

நவராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் கொலுவும் சுண்டலும். வெளியே துர்கா பூஜைப் பந்தல்கள். ஒன்பது நாள் சுண்டலில் பல்லுக்குத் தீங்கு ஒன்றுமில்லை. பத்தாம் நாள் முடிந்ததும் விஜயா வாழ்த்துச் சொல்ல வீடு வீடாகப் போவோம். ஒவ்வொரு வீட்டிலும் தட்டில் நாரு, சந்தேஷ். மறுப்பது மரியாதை இல்லை. ஒரே சாயங்காலத்தில் ஐந்து வீடு போனால் ஐந்து தடவை. அது வருஷத்தில் சில நாள்தான், போகட்டும். ஆனால் தினமும் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒரு டாஃபி, டியூஷனுக்குப் போகும் வழியில் ஒரு குளிர்பானம், வீட்டுப் பாடம் எழுதும்போது க்ரீம் பிஸ்கட் என்று போனால், அந்த வாயில் தினமும் விஜயாதான். முந்நூறு மில்லி கோலாவில் சர்க்கரை மட்டும் சுமார் 30 கிராம் இருக்கிறது. அந்தப் பானம் தானே ஓர் அமிலமும்கூட. குடித்த கையோடு பல் தேய்ப்பதும் நல்லதல்ல. இளகியிருக்கும் எனாமல் தேய்ந்துபோகும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி பொறுக்க வேண்டும்.

"நாங்கள் வெள்ளைச் சர்க்கரையே வாங்குவதில்லை, கருப்பட்டிதான்" என்று பெருமையாகச் சொல்லும் சங்கத்துச் சகோதரிகள் சிலர் உண்டு. திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வரும் கருப்பட்டியின் மணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் பல்லில் குடியிருக்கும் கிருமி நிறம் பார்ப்பதில்லை. வெல்லம், கருப்பட்டி, ஈச்ச வெல்லம் எல்லாவற்றிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். தேனில் இருப்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். அவற்றையும் கிருமி சந்தோஷமாகவே தின்னும். ரப்பர் நிப்பிளைத் தேனில் தோய்த்துக் குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது பல்லுக்கு மட்டுமல்ல, வேறு விஷக் கிருமி அபாயத்தாலும் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். முழுப் பழத்தைக் கடித்துத் தின்பதில் கவலை இல்லை. பழச்சாறு வேறு விஷயம்.

இனிப்பு என்று நாம் நினைக்காத சில இடங்களிலும் இது ஒளிந்திருக்கிறது. இருமல் சிரப் பலவற்றில் சர்க்கரைப் பாகு உண்டு. இரவு பல் தேய்த்த பிறகு ஒரு மூடி கொடுத்துப் படுக்கவைத்தால், தேய்த்தது வீண். மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு தேய்க்கலாம். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஹோமியோபதி. அந்தச் சின்ன வெள்ளை உருண்டைகளும் சர்க்கரைதான். நாள் முழுக்க மணிக்கொரு தரம் சப்பினால் அதுவும் தடவைக் கணக்கில் சேரும். பிஸ்கட்டின் மாவு கடைவாய்ப் பல்லின் குழிகளில் அப்பிக்கொண்டு வெகுநேரம் கரையாமல் இருக்கும். சாக்லேட் அதைவிடச் சீக்கிரம் கரைந்து போய்விடும் என்பது என் பேரனுக்கு மட்டும் தெரியாமல் இருக்க வேண்டும்.

வயதானவர்கள் இதெல்லாம் குழந்தைகளுக்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் வயதில் ஈறு இறங்கி, பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. வேரின்மேல் எனாமல் கிடையாது. லேசான அமிலத்துக்கே அது கரையும். ரத்த அழுத்தம், மன அழுத்தம், ஒவ்வாமை இவற்றுக்கான மாத்திரைகள் சிலவற்றால் வாய் உலர்ந்துபோகும். உமிழ்நீர் என்ற கொத்தனார் பாதி நாள் விடுப்பில். வறட்சிக்காகக் கல்கண்டையோ பெப்பர்மின்ட்டையோ கன்னத்தில் அடக்கிக்கொண்டே இருந்தால் அந்தப் பக்கத்துப் பல் வேரோடு போகும். தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்று மிளகும் கல்கண்டும் டப்பாவில் வைத்திருந்தவள் நான். இப்போது அந்த டப்பாவில் கிராம்பும் ஏலக்காயும்.

டாக்டர் எங்களுக்குச் சொன்ன வழிமுறைகள் சுருக்கமானவை. முதல் பல் முளைத்த நாளிலிருந்தே தேய்க்க வேண்டும். மூன்று வயது வரை ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் ஓர் அரிசி மணி அளவு, அதற்குப் பிறகு ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்கப் பாம்பு மாதிரி நெளியவிட வேண்டியதில்லை. ஃபுளோரைடு, உமிழ்நீர் செய்யும் பூச்சு வேலைக்குச் சிமென்ட் மாதிரி உதவுகிறது. அதுவே குடிநீரில் அளவுக்கு மீறினால் பல்லில் கறை விழும், எலும்பையும் பாதிக்கும். தர்மபுரிப் பக்கத்து உறவினர்கள் உள்ளவர்களுக்கும், இங்கே பாங்குரா, புருலியா பகுதிகளைத் தெரிந்தவர்களுக்கும் இது புதிதல்ல. அங்கிருந்து வந்தவர்கள் பேஸ்ட் பற்றி டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. இரவில் தேய்ப்பதுதான் முக்கியம். அதன் பிறகு தண்ணீர் மட்டும். புட்டியை ஒரு வயதிலிருந்தே குறைத்து டம்ளருக்கு மாற்ற வேண்டும். ஒரே நாளில் முடியாவிட்டால், முதலில் சர்க்கரையை நிறுத்தி, பிறகு பாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து, கடைசியில் வெறும் தண்ணீரில் கொண்டுவந்து நிறுத்தலாம். எங்கள் வீட்டில் இதற்குப் பதினெட்டு இரவுகள் ஆயின. பக்கத்து வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

விழுகிற பல்தானே, போனால் போகட்டும் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பால் பற்கள் இருபதும் பின்னால் வரும் பற்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவை. முன்னதாகவே போனால் மற்றவை சாய்ந்து வரிசை கெடும். இன்னொரு செய்தியும் தாய்மார்கள் அறிய வேண்டும். ஆறு வயதில் கடைசி பால் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு பல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் அது வந்ததே பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பால் பல் என்று விட்டுவிடுகிறோம். அது ஆயுள் முழுவதற்குமான பல்.

கையில் பணம் இல்லையே என்று வைத்தியத்தைத் தள்ளிப்போட இந்த ஊரில் காரணம் குறைவு. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி இங்கேதான் தோன்றியது. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920இல் அன்றைய கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். இன்று அவர் பெயரிலேயே சியால்தா அருகே அரசுக் கல்லூரியாகவும் மருத்துவமனையாகவும் நடக்கிறது. ஆரம்பத்தில் கல்லூரியை நடத்தப் பணம் வேண்டி அவர் என்ன செய்தார் தெரியுமா? நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்று ஒரு குளிர்பானக் கடை வைத்தார். இதை நான் சொன்னபோது எங்கள் டாக்டர் அடக்க முடியாமல் சிரித்தார். "மாஷிமா, நோயாளிகளும் அங்கிருந்தே வந்திருப்பார்கள்" என்றார்.

பேரனுக்கு இப்போது ஆறு வயது நிறையப் போகிறது. டம்ளரில் சர்க்கரை இல்லாத பால் குடிக்கிறான், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். சந்தேஷ் மதியச் சாப்பாட்டோடு மட்டும் என்பது ஒப்பந்தம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பதினொரு மணிக்கே "பாட்டி, சாப்பாடு ஆச்சா?" என்று ஆரம்பித்துவிடுகிறான். போன வாரம் வாயைத் திறந்து காட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே இடது பக்கம், கடைசியில், ஈறைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது.